குதிரைக்குட்டியை மிரட்டாமல் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குட்டி பிறந்த நாள் முதல் முதுகில் சேணம் ஏறும் நாள் வரை வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ‘ஹால்டர்’ என்பது வாய்க்குள் இரும்பு இல்லாமல் தலையில் மட்டும் மாட்டும் முகக்கயிறு. ‘தோள்மேடு’ என்பது கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் மேடாக எழுந்து நிற்கும் பகுதி. குதிரையின் உயரத்தை அளப்பதும் அங்கேதான்.

பிறந்த உடனே குட்டியைப் பிடித்து உடம்பெல்லாம் தடவிவிட்டால், பிற்பாடு மனிதரைக் கண்டு மிரளாது என்கிறார்களே?

வேண்டாம். முதல் சில மணி நேரம் தாய்க்கும் குட்டிக்கும் உரியது. குட்டி 1 மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், 2 மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், தாய் 3 மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடியைப் போட வேண்டும். இதில் எது தவறினாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

பால் விஷயத்தில் இவ்வளவு அவசரம் ஏன் என்றால், குதிரைக்குட்டி பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் அநேகமாக இருக்காது. அத்தனையும் சீம்பாலில் இருந்துதான் வர வேண்டும். அதை உறிஞ்சும் திறன் குடலுக்கு மணிக்கு மணி குறைந்துகொண்டே வந்து, 24 மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நாம் குட்டியைப் படுக்கவைத்து அமுக்கித் தடவிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அந்தக் கணக்கில்தான் கழிகிறது.

பிறந்த குட்டியை உடனே பிடித்துத் தடவும் முறை 1990களில் மிகப் பரவலாகப் பேசப்பட்டது. பின்னர் ஆராய்ந்து பார்த்ததில், அப்படித் தடவப்பட்ட குட்டிகள் மற்றவற்றைவிட நிலையாகச் சாதுவாக இருந்ததாகத் தெரியவில்லை. வலுக்கட்டாயமாகப் பிடிக்கப்பட்டவை தாயை விட்டு விலக அஞ்சும் குட்டிகளாக வளர்ந்ததும் உண்டு.

தொப்புளுக்கு மருந்து வைப்பது, குட்டி கருமலம் (பிறந்ததும் வரும் முதல் சாணம்) போட்டுவிட்டதா என்று பார்ப்பது போன்ற அவசியமான வேலைகளைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டு விலகுங்கள். கை சும்மா இருக்க மாட்டேன் என்றால் தாயைத் தேய்த்துவிடுங்கள். முதல் 5 நாள், நாளுக்கு 15 நிமிடம், மென்மையான தூரிகையால் தாய்க்குதிரையைத் தேய்த்து, கையால் தீனி கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வில், அந்தத் தாய்களின் குட்டிகள் மனிதரை மற்ற குட்டிகளைவிட எளிதாக நெருங்கின. குட்டிகளை யாரும் தொடவே இல்லை. தாய் யாரிடம் நிம்மதியாக நிற்கிறாளோ அவரிடம் குட்டிக்கும் பயம் விட்டுப்போகிறது.

முதல் தொடுதல் எப்படி இருக்க வேண்டும்?

தாயின் தோளருகே நின்று அவளைச் சொறிந்துகொண்டிருங்கள். குட்டியைப் பார்க்காதீர்கள். முழு உடம்பும் அதற்கு நேராகத் திரும்பியிருக்க வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். சற்று நேரத்தில் முகவாயில் இருக்கும் முள்மயிர் உங்கள் முழங்கையில் உரசும். அப்போது கை நீட்டாமல் இருப்பதுதான் கடினம். நீட்டாதீர்கள். குட்டி மோந்து பார்த்துவிட்டுப் போகட்டும். முதல் நாள் பாடம் அவ்வளவுதான்.

அடுத்தடுத்த நாட்களில் அது அருகில் நிற்கும் நேரம் கூடும். புறங்கையைத் தாழ்வாக வையுங்கள். அது மோந்த பிறகு தோள்மேட்டில் அல்லது கழுத்தின் அடிப்பகுதியில் விரல்நுனியால் சொறியுங்கள். முகத்துக்குக் கை போகக் கூடாது. குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் அநேகமாக எல்லாம் தெரியும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. நெற்றியை நோக்கி வரும் கை, குட்டிக்குத் திடீரென்று மறைந்துபோகிற கை.

மூன்று விநாடி சொறிந்து, கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். குட்டி நகர்ந்தால் நகரட்டும். அங்கேயே நின்றால், அல்லது உடம்பைக் கைப்பக்கம் சாய்த்தால், மறுபடி சொறியுங்கள். சரியான இடம் அகப்பட்டதும் மேலுதடு நீண்டு, முனை துடிக்கும், கழுத்து ஒரு பக்கமாக வளையும், சில குட்டிகள் பக்கத்தில் இருக்கும் தாயையே பல்லால் சொறியத் தொடங்கிவிடும். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் முறையே இதுதான். பிரான்சின் கமார்க் இனக் குதிரைகளில் 1993ல் வெளியான ஆய்வு ஒன்று, தோள்மேட்டருகே சொறியும்போது இதயத் துடிப்பு இறங்குவதையும், அவை வழக்கமாகச் சொறிந்துகொள்ளாத இடத்தில் சொறிந்தால் அப்படி இறங்காததையும் காட்டியது. ஆகவே பாராட்டு என்று கழுத்தில் ‘பட் பட்’ என்று தட்டுவதை விட்டுவிடுங்கள். அது நம் பழக்கம், குதிரையின் பழக்கம் இல்லை.

குட்டி பயப்படுகிறதா, சம்மதிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பயந்தால் தலை உயரும், மூக்குத்துளை விரியும், கண்வெண்மை தெரியும், வால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வாயின் ஓரம் இறுகும். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. பலரும் தவறவிடுவது அசையாமல் நிற்பதை. மூச்சு மேலோட்டமாக, கால்கள் ஊன்றியபடி, காது எந்தப் பக்கமும் திரும்பாமல் நிற்கும் குட்டியை ‘நல்ல பிள்ளை, அமைதியாக நிற்கிறது’ என்று நினைத்துவிடுகிறோம். அது உறைந்து நிற்கிறது. அடுத்த கணம் வெடித்துப் பாயும், அல்லது தப்பிக்கும் முயற்சியையே விட்டுவிடும். இரண்டும் கெடுதல்.

நிம்மதியான குட்டியின் காதுகள் இங்குமங்கும் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும், கண் இமைக்கும், கீழுதடு தளரும், தலை தோள்மேட்டின் மட்டத்துக்கோ அதற்குக் கீழோ இறங்கும். உதட்டை நக்கி மென்றால் அடங்கிவிட்டது என்று சொல்வார்கள். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். பதற்றத்தில் உலர்ந்த வாய், பதற்றம் தணியும்போது ஈரமாவதால் வரும் செயல் என்றுதான் கொள்ள முடிகிறது. அதற்கு முன்னால் பதற்றம் இருந்தது என்பதையும் அது சொல்கிறது.

சிறு குட்டிகள் பெரிய குதிரைகளுக்கு முன் கழுத்தை நீட்டி, பல் தெரிய வாயைத் திறந்து திறந்து மூடும். கடிக்க வருவதில்லை. சங்கடமான நேரத்தில் குட்டிகள் செய்வது. உங்களிடம் அப்படிச் செய்தால் ஓரடி பின்வாங்குங்கள்.

மென்மையாகப் பழக்குவது என்றால் கயிறே இழுக்கக் கூடாதா? அழுத்தம் கொடுத்தாலே வன்முறைதானே?

இந்தக் கேள்விக்கான பதில் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

குதிரையை ஓட்டுவதும் நிறுத்துவதும் திருப்புவதும் பெரும்பாலும் அழுத்தத்தால்தான்: கயிற்றின் இறுக்கம், கால் படுவது, கை படுவது. குதிரை எதைக் கற்கிறது என்றால், எந்தக் கணத்தில் அழுத்தம் விலகியதோ அந்தக் கணத்தில் தான் செய்துகொண்டிருந்ததைக் கற்கிறது. அதாவது நீங்கள் இழுக்கும்போது அது எதையும் கற்பதில்லை, விடும்போது கற்கிறது. எனவே எவ்வளவு மெல்ல இழுத்தீர்கள் என்பதைவிட எப்போது விட்டீர்கள் என்பது பெரிது. குட்டியின் எடை முன்னங்காலுக்கு மாறும் அந்த அரை விநாடியில் கயிறு தளர்ந்தால் பாடம் பதிந்தது. மூன்று விநாடி கழித்துத் தளர்ந்தால், அதற்குள் அது காதை மடக்கியிருக்கும், தலையைத் தூக்கியிருக்கும். அதைத்தான் பாடமாக எடுத்துக்கொள்ளும்.

பின்புறத்தை ஒரு அடி தள்ளிவைக்கச் சொல்லிக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். பிறகு கையை நீட்டுங்கள். பிறகு முடியில் மட்டும் படும்படி வையுங்கள். பிறகு தோலில். பிறகுதான் தசையில் விரல் அழுந்தலாம். ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூன்று விநாடி. எந்தப் படியிலாவது எடை அந்தப் பக்கம் சாய்ந்தாலே போதும், கையை எடுத்துவிட்டுச் சொறிந்துவிடுங்கள். முழு அடி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். சில நாளில் நீங்கள் பார்த்தாலே நகரும்.

இங்கே கெட்டுப்போவது இரண்டு விதத்தில். குட்டி திமிறும்போது பயந்து விட்டுவிடுவது ஒன்று: திமிறினால் விடுதலை என்று அது கற்றுக்கொள்ளும். அடிபடும் ஆபத்து இல்லையென்றால் அதே அளவு அழுத்தத்தைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருந்து, அது ஒரு கணம் நின்றதும் விடுங்கள். இன்னொன்று, விடவே விடாமல் நச்சுநச்சென்று தட்டிக்கொண்டே இருப்பது. அதில் குட்டி கற்பது, உங்கள் கைக்கு அர்த்தமே இல்லை என்பதை.

குதிரைக்கு இவ்வளவு நுட்பம் புரியுமா என்று சந்தேகம் வரலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லிப் பெயர் வாங்கியது. உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907ல் சோதித்துப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தம்மையறியாமல் இம்மியளவு அசைவதைப் பார்த்து ஹான்ஸ் தட்டுவதை நிறுத்திக்கொண்டிருந்தது. கணக்குத் தெரியாது, மனித உடம்பைப் படிக்கத் தெரியும். உங்கள் குட்டிக்கும் தெரியும்.

ஹால்டரை எப்போது மாட்டலாம்? எப்படி?

குட்டி கழுத்து, காது, முகவாய் எல்லா இடத்திலும் தொடவிடும் நிலைக்கு வந்த பிறகு. பல குட்டிகளுக்கு அது இரண்டு மூன்று வாரத்தில் வரும், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். நாட்காட்டியைப் பார்க்காமல் குட்டியைப் பாருங்கள்.

முதலில் ஒரு மெத்தென்ற கயிற்றைத் தோள்மேட்டில் போட்டுச் சொறிவது போலத் தேயுங்கள், கழுத்தின் மேல் வழியாக மறுபக்கம் நழுவவிடுங்கள். பிறகு ஹால்டரின் மூக்குவளையத்தை விரித்துப் பிடியுங்கள். குட்டி ஆர்வத்தில் மூக்கை நீட்டி மோக்கும். மூக்கு வளையத்துக்குள் வந்ததும் மாட்டிவிடாதீர்கள், சொறிந்துவிட்டு வளையத்தை விலக்குங்கள். ஐந்தாறு தடவை இப்படி ஆனதும் மூக்கு தானாகவே உள்ளே வரும். அதன் பிறகு காதுக்குப் பின்னால் வாரைக் கொண்டுபோய்ப் பூட்டி, பத்து எண்ணிவிட்டுக் கழற்றுங்கள். கழற்றும்போதும் அவசரம் கூடாது. தலை அசையாமல் இருக்கும் கணத்தில் கழற்றினால், பின்னாளில் தலையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் பழக்கம் வராது.

மூக்குவளையம் கன்னஎலும்பின் முனைக்கு இரண்டு விரல் கீழே, உள்ளே இரண்டு விரல் நுழையும் தளர்ச்சியோடு இருக்க வேண்டும். ஹால்டரோடு குட்டியை மேய்ச்சலில் விடக் கூடாது. பின்னங்காலால் காதைச் சொறியும்போது குளம்பு வாருக்குள் மாட்டிக் கழுத்தோ காலோ ஒடிகிற விபத்து புதிதல்ல. குட்டி வளரும் வேகத்தில் இன்று பொருந்துவது சில வாரத்தில் மூக்கெலும்பை அறுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நடத்திக் கூட்டிப்போகும்போது குட்டி நகர மாட்டேன் என்கிறது. இழுத்தால் பின்னால் சாய்கிறது.

முன்னால் நின்று நேராக இழுப்பதால்தான் சாய்கிறது. தலையில் இறுக்கம் வந்ததும் எதிர்த்துப் பின்வாங்குவது குதிரையின் இயல்பு. சிறு குட்டி அப்படிப் பின்வாங்கும்போது முன்னங்கால் தூக்கி மல்லாந்து விழலாம். உச்சந்தலை தரையில் அடிபட்டால் மண்டையோட்டின் அடி உடையும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு எச்சரிக்கையைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்: குட்டியை ஹால்டர் கயிற்றால் மட்டும் இழுக்காதீர்கள்.

தாயை ஒருவர் முன்னால் நடத்தட்டும். நீங்கள் குட்டியின் இடது தோளருகே, அது போகும் திசையைப் பார்த்தபடி நில்லுங்கள். ஹால்டர் கயிறு இடக்கையில் தளர்வாக. இன்னொரு மெத்தென்ற கயிற்றைப் பின்புறத்தைச் சுற்றி, தொடைக்குப் பின்னால் படும்படி போட்டு, இரு முனையையும் தோள்மேட்டருகே வலக்கையில் பிடியுங்கள். தாய் இரண்டடி போனதும் பின்கயிற்றில் லேசான அழுத்தம். குட்டி ஒரு அடி வைத்த அந்தக் கணத்தில் இரண்டு கயிறும் தளர வேண்டும். நில்லுங்கள், சொறியுங்கள். பத்து அடி போதும், ஐந்து நிமிடம் போதும்.

வேரூன்றியது போல் நின்றுவிட்டால், முன்னால் கேட்பதை விட்டுவிட்டுத் தலையை மெல்லப் பக்கவாட்டில் கேளுங்கள். சமநிலை மாறி ஒரு கால் நகர்ந்தே தீரும். அதைப் பாராட்டிவிட்டுத் தொடருங்கள். வலப்பக்கத்தில் இருந்தும் அதே அளவு பழக்குங்கள். இடப்பக்கமே பழகிய குதிரை வலப்பக்கம் ஆள் வந்தால் மிரளும்.

கட்டிப்போடுவது?

எந்தப் பக்கம் கயிறு இறுகினாலும் அந்தப் பக்கம் தானே வந்து தளர்த்திக்கொள்ளும் அளவுக்குப் பழகிய பிறகுதான், பொதுவாகப் பால் மறந்த பிறகு. முதல் நாட்களில் முடிச்சுப் போடாமல் கயிற்றை வளையத்தில் நுழைத்து மறுமுனையை நீங்களே பிடித்திருங்கள். பின்வாங்கினால் கொஞ்சம் நழுவவிட்டு, நின்றதும் தளர்த்துங்கள். கட்டும்போது தோள்மேட்டின் உயரத்துக்குக் குறையாத இடத்தில், ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சாக, வளையத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே இழுத்தால் அறுந்துபோகும் மெல்லிய சணல் ஒன்றைக் கோத்துக் கட்டுங்கள். கட்டிவிட்டுக் குட்டியைத் தனியே விட்டுப் போகாதீர்கள்.

கால் தூக்கக் கொடுப்பதில்லை. குளம்பு சீவுபவர் வரும் நாள் போர்க்களமாகிறது.

காலைக் கொடு என்று கேட்பது, தப்பி ஓடும் வழியைக் கொடு என்று கேட்பது. அதனால் அவர் வரும் நாளில் தொடங்காமல், அதற்குப் பல வாரம் முன்பே தொடங்க வேண்டும். முதல் முறை குளம்பைப் பார்க்க வேண்டியது ஒரு மாதம், ஒன்றரை மாதம் வயதில். பிறகு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. கால் கோணலைச் சரிசெய்ய வேண்டியிருந்தால் அந்த முதல் மாதங்களிலேயே பார்க்க வேண்டும். கணுக்கால் மூட்டையொட்டிய வளர்ச்சி சீக்கிரமே நின்றுவிடும்.

தோளில் தொடங்கிக் கையை மெல்லக் கீழே இறக்குங்கள். குட்டி சலனப்பட்ட இடத்துக்கு ஒரு அங்குலம் மேலேயே நிறுத்தி, அது தணிந்ததும் கையை எடுங்கள். அடுத்த முறை அந்த எல்லை தானாகவே கீழே இறங்கியிருக்கும். கணுக்கால் வரை வந்ததும், எடை மறுகாலுக்கு மாறும்போது குளம்பை ஒரு அங்குலம் மட்டும் தூக்கி, ஒரு விநாடியில், குட்டி பிடுங்குவதற்கு முன்பே, நீங்களே தரையில் வையுங்கள். போட்டுவிடாதீர்கள், வையுங்கள். பிறகு இரண்டு விநாடி, ஐந்து விநாடி. உயரமாகவோ வெளிப்பக்கமாகவோ இழுக்க வேண்டாம், சின்னஞ்சிறு இடுப்பு மூட்டுக்கு வலிக்கும். நன்றாகத் தூக்கத் தொடங்கியதும் உள்ளங்கையால் குளம்பின் அடியைத் தட்டிக் காட்டுங்கள், அரத்தின் உரசல் அதற்குப் புதிதாக இருக்காது.

கடிக்கிறது. கையால் தீனி கொடுத்ததால்தானா?

பாதி அதனால். மீதி, குட்டிகள், அதிலும் ஆண் குட்டிகள், வாயால்தான் உலகத்தைத் தெரிந்துகொள்ளும், கடித்து விளையாடும். மூக்கில் அடித்தால் அது இன்னொரு விளையாட்டாகும், அல்லது கையைக் கண்டாலே தலையைத் தூக்கும் குதிரையாகும். உங்கள் எல்லைக்குள் மூக்கு வந்ததும், கடிக்கும் முன்பே, நெஞ்சைத் தொட்டு ஒரு அடி பின்னால் போகச் சொல்லுங்கள். அதன் பிறகு அதற்கு விருப்பமான இடத்தில் நீங்கள் சொறியுங்கள்.

தீனியைப் பரிசாகத் தருவது தவறே அல்ல. சட்டைப்பையைத் துழாவும்போது கொடுத்தால் துழாவக் கற்கும். தலை நேராக முன்னால் இருக்கும்போது, உங்கள் கை அதன் வாய்க்குப் போய்க் கொடுத்தால் நேராக நிற்கக் கற்கும். நாக்கால் ‘ட்ளக்’ என்று ஒரே மாதிரி ஒலி எழுப்பிவிட்டு உடனே கொடுங்கள். எந்தச் செயலுக்குப் பரிசு என்பதை அந்த ஒலி குறித்துவிடும். அது செய்ததற்கும் தீனி வாய்க்குப் போவதற்கும் உள்ள இடைவெளியால் வரும் குழப்பம் இருக்காது.

உதைக்கிறது, மேலே ஏற வருகிறது. அடிக்கவும் கூடாது என்றால் என்னதான் செய்வது?

மென்மை என்றால் எல்லையே இல்லாமல் விடுவது இல்லை. வளர்ந்தால் 500 கிலோ வரும் இனத்தில் குட்டி பிறக்கும்போது சுமார் 50 கிலோ. ஆறு மாதத்தில் 200 கிலோவைத் தாண்டிவிடும். இன்று மடியில் கால் போடுவதை ரசித்தால், அந்த எடையில் அதையே செய்யும்போது குற்றம் அதனுடையது அல்ல.

பின்புறத்தைச் சொறியச் சொல்லி உங்கள் பக்கம் திருப்பிக் காட்டும் குட்டி அழகாகத்தான் இருக்கும். சொறியாமல் நகர்ந்து, தோளருகே வந்து நின்று சொறியுங்கள். முன்னங்காலைத் தூக்கினால் பின்னால் ஓடாமல் பக்கவாட்டில் விலகி, கயிற்றை ஆட்டி இடம் கேளுங்கள். நான்கு காலும் தரையில் வந்ததும் அமைதி. ஒவ்வொரு தடவையும், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும், இதே எல்லையைக் காக்க வேண்டும். ஒருவர் விளையாடி ஒருவர் கண்டித்தால் குட்டிக்கு எதுவும் புரியாது, புரியாத குட்டிதான் பதறும்.

அடிப்பதில் இரக்கத்தைத் தாண்டி ஒரு நடைமுறைக் குறை உண்டு. கோபம் நமக்கு எப்போதும் தாமதமாகத்தான் வருகிறது. உதைத்து முடிந்து இரண்டு விநாடி கழித்து விழும் அடியைக் குட்டி உதையோடு சேர்த்துப் பார்க்காது, உங்களோடு சேர்த்துப் பார்க்கும்.

பால் மறக்கடிக்கத் தாயையும் குட்டியையும் ஒரே நாளில் பிரிக்கலாமா?

பிரிக்கிறார்கள். குட்டி கதவில் மோதிக் காயப்படுவதும், எடை இறங்குவதும், பிறகு மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்கும் பழக்கம் தொற்றிக்கொள்வதும் அந்த நாட்களில்தான் அதிகம். வழக்கமான வயது 4 முதல் 6 மாதம். அவசரம் இல்லையென்றால் அதையும் தாண்டித் தாயோடு விடுவது நல்லது.

பிரிக்கும் முன் குட்டி தீவனமும் புல்லும் நன்றாக உண்ண வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், தெரிந்த துணைகள் அருகில் இருக்க வேண்டும். முதலில் பார்க்கவும் மூக்கை உரசவும் முடிகிற, பால் குடிக்க முடியாத உறுதியான வேலிக்கு இருபுறமும் சில நாட்கள் விடலாம். கூட்டமாக இருந்தால் ஒரு தாயை மட்டும் எடுத்து, குட்டியை மற்ற தாய்களோடும் குட்டிகளோடும் அதே இடத்திலேயே விட்டு, சில நாள் கழித்து அடுத்த தாயை எடுப்பது இன்னும் சுமுகம். இந்த வாரத்தில் புதுப் பாடம், காயடிப்பு, வண்டிப் பயணம், குடற்புழு மருந்து எதுவும் சேர்ந்து வர வேண்டாம்.

தீவனம் எவ்வளவு?

வேகமாகக் கொழுக்கவைக்காதீர்கள் என்பதே முதல் பதில். தானியம் அதிகமானால் எலும்பு முந்தி மூட்டின் குருத்தெலும்பு பிந்தும், மூட்டு வீங்கும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட வேண்டும். நல்ல புல் அல்லது உலர்புல் எப்போதும் இருக்கட்டும். கால்சியமும் பாஸ்பரஸும் ஏறத்தாழ 1.5:1 முதல் 2:1 வரை இருக்க வேண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், அதையே முக்கியத் தீவனமாக்கினால் விகிதம் தலைகீழாகி எலும்பிலிருந்து கால்சியம் கரையும்.

தாயில்லாக் குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கிறோம். ரொம்ப ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்லதுதானே?

ஆபத்து இங்கேதான் அதிகம். மனிதரைக் கண்டு கொஞ்சமும் தயங்காத குட்டி மனிதரைக் குதிரையாக நினைத்துக் கடிக்கும், உதைக்கும், ஏறும். வளர்ப்புத்தாய் கிடைத்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் புட்டியைச் சீக்கிரம் விட்டு வாளியில் குடிக்கப் பழக்குங்கள், பால் உங்கள் கையிலிருந்து வருவதாக அது நினைக்க வேண்டாம். முதல் வாரத்தில் 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பால் தேவைப்படும். நாளொன்றுக்கு மொத்தம் உடல் எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை போகும், முதல் நாளில் அதைவிடக் குறைவாகத் தொடங்கிக் கூட்ட வேண்டும். இவற்றைவிட அவசரமானது, பொறுமையான ஒரு பெரிய குதிரையின் துணை. எங்கே கடிக்கக் கூடாது, எப்போது விலக வேண்டும் என்பதை அது ஒரு காது மடக்கலில் சொல்லிக்கொடுத்துவிடும். நமக்கு அது முடியாது.

தாய் உள்ள குட்டிக்கும் இது பொருந்தும். தனி லாயத்தில் வளர்வதைவிடக் கூட்டத்தில் வளரும் இளங்குதிரைகள் பழக்குபவரை உதைப்பதும் கடிப்பதும் குறைவு.

பறக்கும் தாள், குடை, தார்ப்பாய் எல்லாவற்றுக்கும் மிரள்கிறது. அதன்மேல் போட்டுத் தேய்த்தால் பழகிவிடாதா?

கட்டிவைத்து மேலே போட்டுத் தேய்த்தால் கடைசியில் அசையாமல் நிற்கும். அது பயம் போனதால் அல்ல, பயனில்லை என்று கைவிட்டதால்.

எவ்வளவு தூரத்தில் குட்டி அதைப் பார்க்கிறது, ஆனால் இன்னும் மேய முடிகிறது? அங்கே தொடங்குங்கள். தார்ப்பாயை இன்னொருவர் மடித்து இழுத்துக்கொண்டு விலகிப் போகட்டும், நீங்களும் குட்டியும் பின்னால் நடங்கள். துரத்தி வருவது பயமுறுத்தும், விலகி ஓடுவது ஆர்வத்தைக் கிளறும். நெருங்கும்போது தலை உயர்ந்தால் அங்கேயே நிறுத்தி, தலை இறங்கியதும் நீங்களே இரண்டடி பின்வாங்குங்கள். மூக்கை நீட்டித் தொட்டால் அன்றைய பாடம் முடிந்தது. ஒரு கண்ணால் பார்த்துப் பழகியதை மறுபக்கத்துக் கண் புதிதாகப் பார்ப்பது போல் மிரளலாம், இரு பக்கமும் காட்டுங்கள்.

வட்டவேலிக்குள் துரத்தினால் களைத்துத் தானாகவே நம்மிடம் வந்துவிடும் என்கிறார்களே?

வரும். ஓட இடமில்லாதபோது ஓட்டம் நிற்கும் ஒரே இடம் நீங்களாக இருப்பதால் வரும். அதே பலனைச் சொறிந்தும் காத்திருந்தும் பெறலாம். சிறு வட்டத்தில் ஓடுவது வளரும் மூட்டுக்கும் கெடுதல்.

எந்த வயதில் ஏறலாம்?

எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதிகள்) கீழிருந்து மேலாக மூடுகின்றன. குளம்புக்கு அருகில் உள்ளவை முதல் வருடத்திலேயே, முன்னங்கால் முட்டிக்கு மேல் உள்ளது இரண்டு, இரண்டரை வயதில், முதுகெலும்பில் உள்ளவை ஐந்து, ஆறு வயதில்தான். ஆள் உட்காருவது அந்த முதுகில். ‘கால் எலும்பு படம் எடுத்துப் பார்த்தோம், முட்டி மூடிவிட்டது’ என்பது முதுகுக்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டு வயதில் கூட்டிப்போய் ஊர் காட்டுங்கள், நீண்ட கயிற்றால் பின்னாலிருந்து நடத்துங்கள். மூன்றரை, நான்கு வயதில் சிறிது நேரம் ஏறலாம். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 15 சதவீதத்துக்குள் இருக்கட்டும். வளர்ந்த குதிரைக்கே 20 சதவீதம் மேல் வரம்பு என்று கொள்வது வழக்கம்.

வாயையும் மறக்காதீர்கள். இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில் முன்பற்கள் விழுந்து முளைக்கும், கடைவாயிலும் பால்பல் மாறும். முன் கடைவாய்ப் பற்களை ஒட்டி முளைக்கும் சிறு பல் ஒன்றில் இரும்பு இடிக்கும். கடிவாளம் போடும் முன் பல் தெரிந்த கால்நடை மருத்துவர் பார்த்துவிட வேண்டும்.

முதல் சேணமும் முதல் சவாரியும்?

துணியில் தொடங்கி, பிறகு வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை, பிறகு எடை குறைந்த சேணம். துள்ளுவது பெரும்பாலும் வயிற்றுவார் இறுகும்போதுதான். சேணம் நழுவாத அளவுக்கு மட்டும் பூட்டி, சில அடி நடத்தி, அடுத்த ஓட்டை, மறுபடி நடை. ஏறுபவர் கால் வைக்கும் அங்கவடிகள் விலாவில் ஆடித் தட்டுவதையும் நடந்தபடியே பழகட்டும்.

ஏறுபலகை மேல் நின்று மேலிருந்து சொறிந்து பழக்குங்கள். அந்த உயரத்தில் மனித உருவம் அதற்குப் புதிது. பிறகு வயிற்றுவாக்கில் குறுக்கே சாய்ந்து பத்து விநாடி, இறங்கல். இருபக்கமும். ஒருவர் தலையருகே நிற்க வேண்டும். கால் போட்டு உட்கார்ந்த முதல் நாளில் ஐந்து நிமிட நடை போதும், வாரத்துக்கு மூன்று நாள் போதும். நடுவில் ஓய்வு நாள் விட்டால் பாடம் மறக்காது, இன்னும் நன்றாகவே படியும்.

நேற்றுவரை எல்லாம் செய்தது, இன்று மறுக்கிறது. திமிரா?

முதலில் வலியைத் தேடுங்கள். காதுகள் பின்னால் விறைத்து, கண்ணுக்கு மேல் தோல் முக்கோணமாகச் சுருங்கி, முகவாய் இறுகியிருந்தால் பாடத்தை நிறுத்துங்கள். முதுகெலும்பின் இருபுறமும் விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள், எங்கே தோல் சிலிர்க்கிறது அல்லது முதுகு பள்ளமாகிறது என்று பாருங்கள். நான்கு குளம்பின் சூட்டையும் புறங்கையால் ஒப்பிடுங்கள். வாயோரத்தில் புண், வாருக்கடியில் காயம், சேணத்தின் கீழ் வியர்வை படாத உலர்ந்த திட்டு இருக்கிறதா பாருங்கள். அந்தத் திட்டு, சேணம் அங்கே அழுத்தியிருக்கலாம் என்பதன் அடையாளம். இவை எல்லாம் சரியாக இருந்தால், கடைசியாக எந்தப் படி சுலபமாக வந்ததோ அந்தப் படிக்குத் திரும்பிப் போய், அங்கே ஒருமுறை கேட்டு, செய்ததும் கயிற்றைக் கழற்றிக் கூட்டத்தோடு விட்டுவிடுங்கள்.